ஒதுங்கும் இடத்திற்குப் பெயரிடல்: தாமிரபரணிக் கரையின் சில சொற்கள்

பெயரிடுதல் இஸ்லாமிய மரபில் சிறு செயலன்று. தம்மிடம் வந்தவர்களின் பெயர்களில் பொருள் குறையுடையவற்றை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மாற்றி வைத்தார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. யஸ்ரிப் மதீனாவானதும் அவ்வாறே. பெயர் என்பது அழைப்பதற்கான ஒலி மட்டுமன்று, அது ஓர் உரிமைக் கோரிக்கையுமாகும். ‘ஸாலிஹ்’ என்று பெயர் தாங்கியவன் நல்லவனாக இருக்கும் கடனையும் சேர்த்துத் தாங்குகின்றான். தனி மனிதனுக்கு உரிய இந்நியதி ஓர் இடத்திற்கும், ஒரு கூட்டத்திற்கும், ஒரு பயிற்சி முகாமுக்கும் உரியதே.

இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. கோடை விடுமுறையில் மேற்கு மலையடிவாரத்தில் மூன்று நாள் தங்கி, தொழுகை, திக்ரு, குர்ஆன் ஓதுதல் ஆகியவற்றில் ஈடுபட நம்மிடம் பயிலும் மாணவர்கள் சிலர் திட்டமிட்டனர். அறிவிப்புத் தாளின் கைப்படியை நம்மிடம் காட்டி மேற்பார்வையிட வேண்டினர். முகாமின் பெயர் ‘ஹிரா’. பெயருக்குக் கீழே ஒரு விளக்கமும் இருந்தது. ‘ஹா’ ஹிதாயத்தையும், ‘ரா’ ரஹ்மத்தையும், ஈற்றிலுள்ள ‘ஆ’ அமலையும் குறிக்கும் என்று அழகாக எழுதியிருந்தனர்.

ஆர்வம் பாராட்டுதற்குரியது. ஆனால் விளக்கம் நிற்கவில்லை. ஹிரா என்னும் சொல்லின் முதலெழுத்து தொண்டையின் நடுவிலிருந்து பிறக்கும் ‘ஹா’. ஹிதாயத்தின் முதலெழுத்தோ தொண்டையின் அடியிலிருந்து பிறப்பது. தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘ஹ’ என்றே எழுதுவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. அமல் ‘ஐன்’ என்னும் எழுத்தில் தொடங்குகிறது. ஹிராவின் ஈற்றில் இருப்பதோ அலிஃபும் ஹம்ஸாவும். ஆக மூன்று குறியீடுகளுள் ‘ரா’ ஒன்றே பிழைத்தது. அரபுச் சொல்லுக்குத் தமிழ் எழுத்தை வைத்துப் பொருள் கண்டதால் விளைந்த பிழை இது. அரபுக் கல்லூரி மாணவர்களே இதனைச் செய்தார்கள் என்பது அவர்களைவிட அவர்களுக்குப் பாடம் சொல்லும் நம்மையே வருந்தச் செய்தது.

இப்பிழையை எழுத்துப் பிழையாகத் திருத்திவிட்டு அமைந்துவிடலாம். எனினும் கேள்வி அதனைவிட ஆழமானது. ஒரு பெயரின் குறியீட்டுப் பொருளை எங்கே தேடுவது? நம் கருத்தில், அதற்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது சொல்லின் வேர். இரண்டாவது அச்சொல் மக்களிடையே வழங்கிய வழக்கு. மூன்றாவது நாம் அதற்குக் காணும் பொருள்கோள். முதலிரண்டையும் கடந்து வராத மூன்றாவது வெறும் கற்பனையாகவே நிற்கும். இவ்வளவுகோலைக் கொண்டு முதலில் ஹிராவையும், பின்னர் நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பழம்பெயர்களையும் சீர்தூக்கிப் பார்க்க விழைகின்றோம்.

வஹீ தொடங்கிய வரலாற்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியின் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. அதில் நபிகளாருக்குத் தனிமை விருப்பமாக்கப்பட்டது என்று வருகிறது. தனிமை என்பதற்கு அங்கே ஆளப்படும் சொல் ‘கலா’. வெறுமை, வெட்டவெளி என்பது அதன் பொருள். நபிகளார் ஹிராக் குகையில் பல இரவுகள் வணக்கத்தில் கழித்தார்கள்; உணவு தீர்ந்ததும் அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி, மீண்டும் கட்டுச்சோறு பெற்றுச் சென்றார்கள் என்று அவ்வறிவிப்புத் தொடர்கிறது. நாம் ஹிராவைப் பேசும்போது குகையைப் பேசுகின்றோம், கட்டுச்சோற்றைப் பேசுவதில்லை. குகையின் மறுபாதி மக்காவில் ஒரு வீடு. வஹீயின் சுமையோடு நடுங்கி வந்தபோது போர்வை போர்த்தி ஆறுதல் மொழிந்ததும் அவ்வீடே.

இன்னொன்றும் உண்டு. நுபுவ்வத்திற்குப் பின் நபிகளார் ஒதுங்கியிருப்பதற்காக ஹிராவுக்குச் செல்லவில்லை. தோழர்களும் அதனை வழக்கமாக்கிக் கொள்ளவில்லை. 1328இல் மறைந்த இப்னு தைமிய்யா (ரஹ்) இதனை அழுத்தமாகச் சுட்டுகின்றார். ஒதுங்கும் வணக்கம் பின்னர் குகையிலிருந்து பள்ளிவாசலுக்கு, இஃதிகாஃபாக, ஊர் நடுவுக்கே வந்துவிட்டது. எனவே ஹிரா ஒருமுறை நிகழ்ந்து நிறைவுற்றதன் பெயர். அதனை நம் மூன்று நாள் தங்கலுக்குச் சூட்டும்போது, அங்கே பிறருக்கு நிகழாத ஒன்று நமக்கு நிகழவிருப்பதாக அறியாமலேயே கூறிவிடுகின்றோம்.

‘கஹ்ஃபு’ என்ற பெயரும் இவ்வாறே இக்காலத்தில் விரும்பப்படுகிறது. குகைத் தோழர்களின் வரலாற்றில் இளைஞர்களைக் கவர்வது ஊரைத் துறந்து செல்லும் பகுதி. விழித்தெழுந்தவர்கள் தம்முள் ஒருவரை வெள்ளிக்காசுடன் நகரத்திற்கு அனுப்பித் தூய உணவு வாங்கிவரச் சொன்னதையும் இறைமறை அதே வரலாற்றில் கூறுகிறது. குகைக்கும் கடைத்தெரு தேவைப்பட்டது.

இனி நம் ஆற்றங்கரைக்கு வருவோம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் பள்ளத்தாக்கில், ஒதுங்கி வணங்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்கள் எத்தகையவை?

மிகப் பரவலானது ‘தைக்கா’. பாரசீகத்தில் தக்யா, துருக்கியில் தெக்கே என வழங்கும் சொல்லே தமிழில் தைக்கா ஆயிற்று. வாவ், காஃப், ஹம்ஸா என்னும் மூவெழுத்து அரபு வேரிலிருந்து இது வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அவ்வேரின் பொருள் சாய்தல், ஊன்றிக்கொள்ளுதல். தைக்கா என்றால் சாயுமிடம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இச்சொல் இடத்தைக் கடந்து மனிதர்களுக்கே பெயராயிற்று. இரண்டு ஊர்களிலும் ‘தைக்கா சாஹிபு’ என்று அழைக்கப்பட்ட மகான்கள் இருந்தனர். கீழக்கரைத் தைக்கா சாஹிபு அவர்களின் மாணாக்கரும் மருமகனுமே, காயல்பட்டினத்தில் பிறந்து அரபுத் தமிழுக்குப் பெருந்தொண்டாற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள். பிறர் சாய்ந்துகொள்ளத் தக்கவராக ஒருவர் வாழ்ந்தால், இடத்தின் பெயர் அவர் பெயராகிவிடுகிறது.

காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உள்ளன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. தெருவிலுள்ள பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் கற்கவும் அவை இடந்தந்து வந்துள்ளன. ஹிராவின் மறுபாதியான வீட்டை நாம் மறந்த அளவுக்கு நம் முன்னோர் மறக்கவில்லை என்பதற்கு இச்சொல்லின் இவ்வழக்கே சான்று.

இரண்டாவது பெயர் ‘ஜாவியா’. ஷாதுலிய்யா தரீக்காவின் ஃபாஸிய்யா கிளையைச் சார்ந்த காயல்பட்டினத்து ஜாவியாவை நம் வாசகர்கள் அறிவர். ஜாவியா என்றால் மூலை. இரண்டு சுவர்கள் சந்திக்கும் இடம். சுருட்டுதல், ஒருசேரக் குவித்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு ஹதீஸில் இதே வினை ஆளப்படுகிறது. இறைவன் பூமியைத் தமக்காகச் சுருட்டிக் காட்டினான் என்றும், அதன் கிழக்கையும் மேற்கையும் தாம் கண்டதாகவும் நபிகளார் கூறுகின்றார்கள். மூலையில் உட்காருவதற்கும் உலகின் இரு கோடிகளைக் காண்பதற்கும் அரபு மொழி ஒரே வேரை வைத்திருக்கிறது. டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தங்கிய மூலை ‘கஸ்ஸாலியின் ஜாவியா’ எனப் பெயர்பெற்றது. குகையோ காடோ அன்று. பெருநகரத்தின் பெரும்பள்ளிவாசலில் ஒரு மூலை.

மூன்றாவது, அதே ஊரின் மஹ்ழறத்துல் காதிரிய்யாவால் நாமறிந்த ‘மஹ்ழறா’. முன்னிலையில் இருத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து அமைந்த இடப்பெயர். உடல் வந்திருப்பது முதற்பொருள். ஞானவழி நூலோர் பேசும் உள்ளத்தின் ஹுழூர் அடுத்த பொருள். உடலால் வந்து உள்ளத்தால் வராதவன் அங்கே வரவில்லை என்பதைப் பெயரே சொல்கிறது. இப்பெயரின் எழுத்திலும் ஒரு வரலாறு உண்டு. அரபின் ‘ளாத்’ ஒலிக்குத் தமிழ் முஸ்லிம்கள் ழகரத்தைத் தேர்ந்தனர். ரமழான், ஹழ்ரத், காழி என்னும் வரிசையில் வருவதே மஹ்ழறா. ‘ஹ’ என்ற ஓரெழுத்தில் ஈரொலிகள் மயங்கியதைக் கண்டோம். இங்கோ வேற்றொலியை வேறாகவே காக்க நம் முன்னோர் எடுத்த முயற்சியைக் காண்கிறோம்.

இம்மூன்று பெயர்களிலும் ஒரு பொதுத்தன்மை புலப்படும். சாயுமிடம், மூலை, முன்னிலையாகும் இடம். மூன்றும் பொதுப்பெயர்கள். அங்கே வருபவன் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்பவை. ஹிரா, கஹ்ஃபு ஆகியவை வேறொருவருக்கு நிகழ்ந்ததைச் சொல்பவை. பொதுப்பெயர் வேலை தருகிறது. இரவல் பெற்ற சிறப்புப்பெயர் பெருமை தருகிறது. முந்தையதில் வணங்குபவன் தன்னை அளந்துகொள்ளலாம், பிந்தையதில் தன்னை அலங்கரித்துக்கொள்ளலாம்.

ஒதுங்கிய மகான்களின் நினைவாகச் சிறப்புப்பெயர்கள் எழுந்ததில்லையா என்று கேட்கலாம். எழுந்துள்ளன. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய ஞானி பீர்முகம்மது அப்பா அவர்கள் தவமிருந்த மலைப்பகுதியே கேரளத்துப் பீர்மேடு என்பது வழிவழி வரும் செய்தி. தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாஹிபு அவர்களால் சென்னையில் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் ஏற்பட்டது என்பதும் அத்தகையதே. இலங்கையில் பலாங்கொடைக்கு அருகே கூரகல மலைக்குகையை முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் தியானத்தோடு தொடர்புபடுத்தி ‘தஃப்தர் ஜெய்லானி’ என்பர். தஃப்தர் என்றால் பதிவேடு. இவற்றுள் எந்தப் பெயரையும் ஒதுங்கியவர் தாமே இட்டுக்கொண்டதாக மரபு கூறவில்லை. அவர் சென்றபின் அக்கம்பக்கத்தார் இட்டனர். பதிவேட்டில் நம் பெயரைப் பிறர் எழுதுவதற்கும், நாமே எழுதிக்கொண்டு உள்ளே நுழைவதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

பொருள்கோளின் இன்பம் எவ்வளவு எளிதில் நம்மை இழுத்துச் செல்லும் என்பதற்கு நம்மையே சான்றாக்கலாம். கடையத்துக்கு அருகில், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்கும் பொட்டல்புதூரில் முஹ்யித்தீன் ஆண்டகையின் நினைவிடம் உள்ளது. 1166இல் மறைந்த ஆண்டகையின் அடக்கத்தலம் பக்தாத். இங்குள்ளது நினைவு மட்டுமே. பொட்டல் என்றால் பயிரற்ற வெற்றுநிலம். நபிகளாருக்கு விருப்பமாக்கப்பட்ட ‘கலா’வும் வெற்றுவெளி. கல்வத் என்னும் தனித்திருத்தலும் அதே வேர். ஆகவே பொட்டல்புதூர் என்பது கல்வத்தின் தமிழாக்கம் என்று எழுதிவிட நம் பேனாவும் துடித்தது. ஆனால் பொட்டலில் எழுந்த புதிய ஊர் என்பதற்கு மேல் அப்பெயருக்கு எதுவும் தேவையில்லை. மாணவர்களின் ஹிரா விளக்கத்தைக் குறை கண்ட நாம், அதே குறையைச் சற்றுக் கற்றறிந்த ஆடையில் செய்ய முற்பட்டோம். இந்த ஒப்புமை நம் உள்ளத்துக்கு இனிமை தரலாம், ஊரின் வரலாறாகிவிடாது.

பழம்பெயர்களைப் புகழ்ந்துவிட்டு அவற்றைக் காத்தவர்களை விசாரிக்காமல் விடுவது நேர்மையன்று. சாய்தல் என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. தாம் சாய்ந்துகொண்டு உண்பதில்லை என்று நபிகளார் கூறிய ஹதீஸ் புகாரியில் உள்ளது. அங்கும் இதே வேர்தான். சாய்தல் ஓய்வாகலாம், சொகுசாகவும் ஆகலாம். கல்வியும் திக்ரும் நின்றுபோய், ஆண்டுக்கொருமுறை விளக்கு எரிவதற்கென்று மட்டும் இருக்கும் தைக்காக்களை நாம் கண்டிருக்கிறோம். அங்கே சாய்ந்தவர்கள் உறங்கிவிட்டனர். மறுபுறம், சீர்திருத்தத்தின் பெயரால் அச்சொல்லையே பெயர்ப்பலகையிலிருந்து நீக்கியவர்களையும் கண்டிருக்கிறோம். உறங்கியவரை எழுப்ப வந்தவர்கள் வீட்டின் பெயரை அழித்துவிட்டுச் சென்றனர். இவ்விரு சாராரின் நடுவே வளர்ந்த தலைமுறைதான், தன் ஊரில் ஒதுங்குமிடத்திற்கு ஒரு சொல் இருப்பதை அறியாமல் ஹிராவைத் தேடிப்போகிறது. மாணவர்களின் கைப்படியில் நாம் கண்ட உண்மையான இழப்பு இதுவே.

அத்துடன், அவர்கள் தேடிய அரபுப் பெயர் அந்தத் தாளிலேயே இருந்தது. ‘முகாம்’ என்பது அரபுச் சொல். நிற்குமிடம், தங்குமிடம் என்று பொருள்படும் மகாம், முகாம் என்னும் வடிவங்களிலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்தது. மகாமு இப்ராஹீமை நாம் அனைவரும் அறிவோம். தஸவ்வுஃப் நூல்களில் மகாம் என்பது முயன்று அடைந்து நிலைபெற்ற படி. வந்து மறையும் நிலையை ‘ஹால்’ என்பர். மூன்று நாளில் ஏற்படும் நெகிழ்ச்சி ஹால். ஊர் திரும்பிய பின் நாற்பது நாள் சுப்ஹுத் தொழுகை ஜமாஅத்தோடு நிலைத்தால் அது மகாமின் வாயிலைத் தொடலாம். ஃபிக்ஹும் இங்கே ஒரு குறிப்புத் தருகிறது. பயணத்தில் ஓரூரில் வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்க 4 நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈ மத்ஹபிலும், 15 நாட்கள் தங்க எண்ணினால் ஹனஃபி மத்ஹபிலும் ஒருவர் ‘முகீம்’ ஆகிறார். மூன்று நாள் தங்குபவர் இரு மத்ஹபிலும் முஸாஃபிரே. மலையடிவாரம் கஸ்ருக்குரிய தொலைவில் இல்லை என்பதை அறிவோம். எனினும் முகாமில் இருப்பவன் முகீம் அல்லன் என்ற நினைவு தற்பெருமைக்கு நல்ல மருந்து.

தங்குமிடமும் கூடாரமும் பற்றிய ஒரு நபிமொழி நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். ரமழானில் நபிகளார் இஃதிகாஃபுக்கு நாடியபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்தார்கள். அதனைக் கண்டு அன்னை ஹஃப்ஸா (ரலி), அன்னை ஸைனப் (ரலி) ஆகியோரும் அமைத்தார்கள். பல கூடாரங்களைக் கண்ட நபிகளார், இதன்மூலம் நாடப்படுவது நன்மைதானா என்று வினவினார்கள். அவ்வாண்டு அந்த இஃதிகாஃபை விட்டுவிட்டு ஷவ்வாலில் 10 நாட்கள் நிறைவேற்றினார்கள். ஒதுங்கும் வணக்கத்தில் போட்டி நுழையுமோ என்ற ஐயமே அதனைத் தள்ளிவைக்கப் போதுமான காரணமாயிற்று. கவர்ச்சியான பெயரும் வண்ணப் பதாகையும் கொண்டு முகாம்கள் ஒன்றையொன்று முந்தும் காலத்தில் இந்த வினாவை நம்மிடமே நாம் கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம்.

ஒதுங்குதல் நல்லதா, ஊரோடு கலந்திருத்தல் நல்லதா என்ற வினாவுக்கு இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் ‘உஸ்லா’ என்னும் ஒரு தனி நூற்பகுதியையே ஒதுக்கினார். ஒதுங்குவதன் பயன்களை வரிசைப்படுத்தியவர், அதனால் இழக்கப்படும் நன்மைகளையும் வரிசைப்படுத்தினார். கற்றல், கற்பித்தல், பிறருக்குப் பயன்படுதல் ஆகியன இழப்புப் பட்டியலில் உள்ளன. 1095இல் பக்தாதின் பெரும்பதவியைத் துறந்து வெளியேறிய அவர், 1106இல் நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்லத் திரும்பினார். மூலைக்குச் சென்றவரின் வரலாறு மூலையிலேயே முடியவில்லை.

இதே பாடத்தைத் தைக்காவின் வேரும் சொல்கிறது. கையிலிருப்பது என்ன என்று வினவப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் அது தம் கைத்தடி என்றும், அதன்மீது தாம் ஊன்றிக்கொள்வதாகவும், ஆடுகளுக்குத் தழை உதிர்ப்பதாகவும் விடையளித்ததைத் தாஹா அத்தியாயம் கூறுகிறது. ஊன்றிக்கொள்ளுதல் என்பதற்கு அங்கே வரும் வினை, தைக்கா பிறந்த அதே வேரினது. அடுத்த கட்டளை, அதனை எறிந்துவிடு என்பது. எறிந்தார், அது பாம்பாயிற்று. அஞ்சாமல் எடு என்ற கட்டளை வந்தது; எடுத்தார். அத்தடியோடு அவர் சென்றது ஃபிர்அவ்னின் அவையை நோக்கி. ஊன்றுகோலாக மட்டும் இருந்தது, எறியப்பட்டு மீண்டும் எடுக்கப்பட்ட பின் சான்றாயிற்று. ஒதுங்குமிடம் ஒரு கைத்தடி. ஊன்றிக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு எழவும் தெரியவேண்டும்.

மாணவர்களிடம் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். ஹிரா என்ற பெயர் கூடாது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. பெயரில் அன்பும் இருக்கிறது. அன்பைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. எழுத்து விளக்கத்தை அவர்களே நீக்கிவிட்டனர். ‘மூலை’ என்றே தமிழில் பெயரிடலாமா என்று ஒருவர் கேட்டபோது மற்றவர்கள் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. அவர் ஜாவியாவைப் புரிந்துகொண்டார் என்று எண்ணுகின்றோம்.

நாம் வேண்டியவை இரண்டே. கட்டுச்சோறு கட்டித்தரும் தாய்மாரும் சகோதரிமாரும் ஓதவும் கேட்கவும் அதே மூன்று நாட்களில் ஊரிலேயே ஒரு தைக்காவைத் திறந்து வைக்கவேண்டும் என்பது ஒன்று. முகாமுக்குப் புறப்படும் நாளை எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்களோ, ஊர் திரும்பும் நாளையும் அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது மற்றொன்று. பெயர் எதுவாயினும் ஆகுக. திரும்பி வந்தபின் தெருவார் அதற்கு என்ன பெயர் இடுகிறார்கள் என்பதே நிலைக்கும். நல்லதை நாடும் உள்ளத்தையும், நாடியதில் நிலைக்கும் உறுதியையும் வல்ல இறைவன் நம் இளைஞர்களுக்கும் நமக்கும் வழங்குவானாக.